கால் தூக்குகிறவனும் மஞ்சள் கோடும்

தறிகெட்டு ஓடுகிற இதயத்தை நிறுத்தி நடக்க வைப்பது டாக்டர் வேலை என்று ஊர் நினைக்கிறது. அந்த நேரத்தில் நோயாளியின் இரண்டு கால்களையும் தூக்கிப் பிடிப்பது என் வேலை.

செகந்திராபாத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டியில் இருபத்தாறு வருஷமாக வார்டுபாயாக இருக்கிறேன். பெயர் ஆறுமுகம். வயது அறுபத்தொன்று. இன்னும் பாய்தான். வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத்தோடு இங்கே வந்து தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆனால் மறதி என்பது எனக்குக் கிடையாது. யார் என்ன சொன்னார்கள், எந்தக் கட்டில் பக்கத்தில் நின்று சொன்னார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற, பெட்பேன் எடுக்கிற, "ஏய், இங்க வா" என்று கூப்பிடப்படுகிற என் சகோதரர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்களாவது என்னை நம்புவீர்கள். இடையிடையே எஸ்தர் என்ற பெண் வருவாள். அவள் இதயம் ஓடும்போது அந்த ஓட்டத்தை ஒரு தாளில் பிடிக்க முடியுமா என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். பிடிக்காவிட்டால் அவள் உயிர் போகும்; பிடித்தால் என் வேலை போகும். அப்படி வந்து நின்றது.

பதினைந்து விநாடி

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சிலருக்கு இதயம் நூற்றெண்பது, இருநூறு என்று ஓட ஆரம்பித்துவிடும். அதில் ஒரு வகைக்கு, மருந்து ஏற்றுவதற்கு முன்னால் ஒரு வித்தை செய்து பார்ப்பார்கள். ஊசி மாட்டாத காலி சிரிஞ்சை நோயாளியின் வாயில் கொடுத்து, உள்ளே இருக்கும் தண்டு நகரும்வரை ஊதச் சொல்வார்கள். பதினைந்து விநாடி. டாக்டர் "போதும்" என்றதும் கட்டிலின் தலைப்பக்கத்தைச் சட்டென்று இறக்கி, நான் காலைத் தூக்க வேண்டும். இன்னொரு பதினைந்து விநாடி. மானிட்டரில் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்த கோடு திடீரென்று தடுமாறும். ஒரு மூச்சு நேரம் நிற்கும். பிறகு மனுஷன் நடக்கிற மாதிரி நிதானமாக நடக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

உப்பலில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் அப்படி வந்தார். நூற்றுப் பத்து கிலோவுக்குக் குறையாது. கால் ஒவ்வொன்றும் தனி ஆள். டூட்டி டாக்டர் பிரணீத், சித்தூர்க்காரர், தமிழ் நன்றாக வரும், கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிப் பிடித்தேன். பன்னிரண்டாவது விநாடியில் இதயம் வழிக்கு வந்தது. என் இடுப்பு வழியை விட்டுப் போனது. அவர் எழுந்து உட்கார்ந்து டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தமிழர்தான். சொன்னது இது: "உங்க கைராசி டாக்டர், கடவுள் மாதிரி. இந்த ஆளு மட்டும் என் காலை முறுக்கிட்டாரு, முட்டி வலிக்குது."

எஸ்தரின் முதல் வரவு

லோத்குண்டாவில் குடியிருக்கும் பெண். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. முப்பது வயதுகூட இருக்காது. மாமியாரோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. "நெஞ்சுக்குள்ள ரயில் ஓடுன மாதிரி இருந்துச்சு. இப்பதான் நின்னுச்சு" என்றாள். நான் தமிழில் பதில் சொன்னதும் "அண்ணாச்சி, நீங்க நம்ம ஆளா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். செகந்திராபாத்தில் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டவர் அதற்கு முன்னால் யாரும் இல்லை.

ஈசிஜி எடுத்தார்கள். எழுபத்தெட்டு. கோடு சீராக இருந்தது. ரத்தம் பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், எல்லாம் சரி. ஓடும்போது எடுத்த தாள் கையில் இல்லாமல் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. ஏனென்றால் ஓட்டத்தில் வகை இருக்கிறது. ஒரு வகை காலைத் தூக்கினால் நிற்கும். இன்னொரு வகை ஆளையே நிறுத்திவிடும். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றுக்கு எமன். பிரணீத் டாக்டர் "டென்ஷன், தூக்கக் குறைவு" என்று எழுதிக் கொடுத்தார். மாமியார் அந்தச் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆபீசுக்குப் போற அன்னைக்கு வராது. எங்க அக்கா வீட்டு விசேஷத்துக்குக் கெளம்புத அன்னைக்கு மட்டும் கரெக்டா வந்துரும்."

ஒரு சிட்டிகை

மூன்றாம் கட்டிலில் ஹைதராபாத் பழைய நகரத்துக்காரர் ஒருவர் படுத்திருந்தார். லேசான நெஞ்சுவலி. மானிட்டர் மாட்டி, திரையை இழுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அலாரம் அலறியது. திரும்பிப் பார்த்தால் கோடு ரம்பப் பல் மாதிரி ஓடுகிறது. பிரணீத் டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தார். சிஸ்டர் ஷாக் மெஷின் டிராலியை இழுத்துக்கொண்டு ஓடினார். நான் திரையைக் கிழித்த மாதிரி திறந்தேன்.

மனுஷன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இடது உள்ளங்கையில் புகையிலையும் சுண்ணாம்பும். வலது கட்டைவிரல் தேய் தேய் என்று தேய்க்கிறது. அந்தக் குலுக்கல் ஒயர் வழியாக ஏறி மானிட்டரில் மரண ஓட்டமாக வந்திருக்கிறது. அன்றிலிருந்து அலாரம் அடித்தால் நான் முதலில் நோயாளியின் கையைப் பார்ப்பேன், பிறகுதான் மானிட்டர். ஒரு சிட்டிகைக்காக ஏன் இத்தனை பேர் ஓடி வருகிறீர்கள் என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். அவர் பாஷையில் கேட்டார்: "கைக்கு பாக்ரே ஜி? ஏகிச் சுட்கி ஹை!"

மஞ்சள் கோடு

எங்கள் கேஷுவாலிட்டி வாசல் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறது. ஈசிஜி மெஷின் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. காரணம் நான் என்கிறார்கள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஆம்புலன்ஸுக்குள் இருந்த ஒருவருக்கு எடுப்பதற்காக மெஷினை டிராலியோடு வெளியே கொண்டுபோனோம். அது சரிவில் உருண்டு, சுவரில் மோதி நொறுங்கியது. சக்கரத்தைப் பூட்டாமல் விட்டவன் டெக்னீஷியன் யாதகிரி. மெமோ வாங்கினவன் நான். இன்னொரு மெமோ வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று மேனேஜர் அன்றைக்கே சொல்லிவிட்டார். யாதகிரியோடு அன்று முதல் நான் டீ குடித்ததில்லை. ஒருநாள் நேராகவே கேட்டேன், ஏன்டா பூட்டாமல் விட்டாய் என்று. தெலுங்குக்காரன், என்னோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவன். அந்தத் தமிழிலேயே சொன்னான்: "சக்கரம் உருளத்தானே அன்னா இருக்கு? பிடிக்கத்தானே உன்னை வச்சிருக்கு?"

ஷெர்வானி

ஒரு மத்தியானம் கல்யாண மண்டபத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பா வந்தார். தானே நடந்து வந்து, தானே கட்டிலில் உட்கார்ந்து, "நெஞ்சில் பாரம்" என்று ஹிந்தியில் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் கண் மேலே சொருகியது. மானிட்டரில் கோடு கோடாகவே இல்லை. குழந்தை பென்சிலால் கிறுக்கின மாதிரி இருந்தது. இதயம் அடிக்காமல் வெறுமனே துடிதுடிக்கிறது என்று அர்த்தம். விநாடிக் கணக்கு.

உடம்பு முழுக்க ஜரிகை வேலை செய்த ஷெர்வானி. கழுத்திலிருந்து முட்டிவரை பொத்தான். யார் கழற்றுவது? கத்தரிக்கோலை எடுத்து மேலிருந்து கீழ்வரை ஒரே வெட்டு. ஜரிகையை ஒதுக்கினேன், அத்தரையும் வியர்வையையும் துடைத்தேன், ஆக்சிஜன் முகமூடியைத் தூர எடுத்தேன். பொறி பறந்தால் தீப்பிடிக்கும். சிஸ்டர் நெஞ்சில் பட்டைகளை ஒட்டினார். "விலகுங்க!" என்றார் டாக்டர். உடம்பு ஒரு சாண் எழும்பி விழுந்தது. கிறுக்கல் மறைந்து, ஒன்று, இன்னொன்று, இன்னொன்று என்று அடிப்பு வந்தது. சிஸ்டர் அழுதே விட்டார். இரண்டு நிமிஷத்தில் மனுஷன் கண்ணைத் திறந்தார். குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். போய் வந்த இடத்திலிருந்து கொண்டுவந்த முதல் வார்த்தை: "அரே, கிஸ்னே காட்டா? யே தோ கிராயே கா ஹை!" வெட்டினது யார், இது வாடகை ஷெர்வானி ஆயிற்றே!

இரண்டாவது மேடு

எஸ்தர் இரண்டாம் தடவை வந்தபோதும் அதே கதை. ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிகிற பெட்டியை இடுப்பில் கட்டி அனுப்பினார்கள். கட்டிய அன்று ஒன்றும் வரவில்லை. மூன்றாம் தடவை வந்தபோது புருவத்தில் ரத்தம். செகந்திராபாத் ஸ்டேஷன் நடைமேம்பாலப் படியில் மயங்கி விழுந்திருக்கிறாள். நாலு தையல். ஆனால் கட்டிலுக்கு வந்ததும் மானிட்டரில் எண்பது. அடுத்த தடவை எங்கே விழுவாள்? ரயில் வரும்போதா?

தையல் போட்ட பிறகு கேட்டேன், "எந்த இடத்துல நின்னுச்சும்மா? யோசிச்சுச் சொல்லு." அவள் யோசிக்கவே இல்லை. "நம்ம ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ள ரெண்டு ஸ்பீட் பிரேக்கர் இருக்குல்லா, ரெண்டாவதுல ஆட்டோ தூக்கிப் போடும். அங்ஙன நின்னுரும் அண்ணாச்சி. மூணு தடவையும் அங்ஙனதான்" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வருகிறவளின் சாட்சியை எங்கள் வாசலே அழித்துக்கொண்டிருக்கிறது. பிரணீத் டாக்டரிடம் ஓடினேன். கேட்டுக்கு வெளியே வைத்து ஈசிஜி எடுக்கலாம் சார் என்றேன். மெஷின் கோடு தாண்டாது, உனக்குத் தெரியாதா என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஆறுமுகம், ஸ்பீட் பிரேக்கரையே மருந்தா எழுதிடவா? காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு?"

இளநீர் வண்டிப் பக்கம்

என் போன் நம்பரை எஸ்தரிடம் கொடுத்தேன். மறுபடி ஓட ஆரம்பித்தால் உடனே ஆட்டோ பிடி, கேட்டுக்கு வெளியே இளநீர் வண்டிப் பக்கத்தில் நிறுத்தி எனக்குப் போன் பண்ணு, உள்ளே வராதே என்று சொல்லியிருந்தேன். எட்டாம் நாள், பகல் பதினோரு மணிக்குப் போன் வந்தது. "அண்ணாச்சி, வந்துட்டேன். ஓடுது" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது.

யாதகிரி கேன்டீனில். மெஷின் சுவரோரம். டிராலியை நான் நம்பவில்லை. மெஷினை மட்டும் கழற்றிக் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்தேன். மஞ்சள் கோட்டில் ஒரு கணம் கால் நின்றது. அறுபத்தொரு வயதில் எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? தாண்டிவிட்டேன். வாட்ச்மேன் கத்தினான். இரண்டு மேட்டையும் தாண்டி ஓடினேன். இந்த வயதில் நான் ஓடினதை நானே நம்பவில்லை.

ஆட்டோவில் அவள் தலை பின்னால் சாய்ந்திருந்தது. கழுத்து நரம்பு துடிப்பது வெளியே தெரிந்தது. வண்டி நின்றபடியே குலுங்கிக்கொண்டிருந்தது. "இஞ்சினை அணைய்யா!" என்று கத்தினேன். டிரைவர் பயந்து அணைத்தான். இரண்டு மணிக்கட்டு, இரண்டு கணுக்கால், நாலு கிளிப். நெஞ்சில் வைக்கும் ஆறு ஒயரைத் தொடவில்லை. நடுரோட்டில் அது முறையும் இல்லை, ஓட்டத்தைப் பிடிக்க இந்த நாலு போதும். "கையை ஆட்டாதேம்மா" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. தாள் கரகரவென்று வெளியே வந்தது. அகல அகலமான மலைகள், நடுவில் ஒரு மூச்சுவிட இடமில்லாமல். மேலே இருநூற்றுப் பன்னிரண்டு என்று அடித்திருந்தது. கிடைத்துவிட்டது! கிளிப்பைப் பிடுங்கி, மெஷினை மடியில் வைத்து, நானும் ஏறி, "விடு வண்டியை!" என்றேன்.

முதல் மேடு. ஓடுகிறது. இரண்டாவது மேட்டில் ஆட்டோ தூக்கிப் போட்டது. "நின்னுட்டு அண்ணாச்சி" என்றாள். வாசலில் யாதகிரி, கையில் பாதி தோசையோடு. மெஷினைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான், என் கையிலிருந்த தாளைப் பிடுங்கிப் பார்த்தான். அவனுக்கு மலை தெரியவில்லை, இருநூற்றுப் பன்னிரண்டும் தெரியவில்லை. "பேஷண்ட் பேர் எழுதலையே அன்னா! டைமும் எழுதலையே!"

இருபது நிமிஷம்

கட்டிலில் போட்டு மானிட்டர் மாட்டினால் எண்பத்து நாலு. பிரணீத் டாக்டர் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். நான் தாளை நீட்டினேன். தாளைப் போட்டோ எடுத்து, இதயப் பிரிவின் பெரிய டாக்டரம்மாவுக்கு அனுப்பினார். போனில் அம்மாவின் குரல் எனக்கே கேட்டது: "இது டென்ஷன் இல்லப்பா. இதயத்தோட கீழ் அறையிலிருந்து கிளம்புது. வீட்டுக்கு அனுப்பாத. இப்பவே ஷாக் பட்டை ஒட்டி வை." சிஸ்டர் திரைக்குள் போய், நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று ஒட்டி ஒயரை மாட்டினார். எஸ்தர் ஒரு வாய் தண்ணீர் கேட்டாள்.

இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அலாரம். நான் கையைப் பார்த்தேன். இரண்டு கையும் அசையாமல் கிடந்தன. டாக்டர் கழுத்தில் விரல் வைத்தார். "நாடி இல்ல!" ஆக்சிஜன் முகமூடியை நான் தூரப் பிடித்தேன். வெட்ட வேண்டியதில்லை, துடைக்க வேண்டியதில்லை, ஒட்ட வேண்டியதில்லை. எல்லாம் தயாராக இருந்தது. "விலகுங்க!" அவ்வளவுதான். ஒரே ஷாக். எனக்கு மூச்சு வருவதற்கு முன்னால் அவளுக்கு வந்துவிட்டது. அந்தத் தாள் மட்டும் இல்லாவிட்டால், அந்த நேரத்தில் அவள் டென்ஷன் மாத்திரையோடு லோத்குண்டாவுக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்திருப்பாள்.

பிரணீத் டாக்டர் சுவரில் சாய்ந்து நின்றார். பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "ஆறுமுகம், நான் அந்த ஸ்பீட் பிரேக்கர் ஜோக் அடிச்சதை யார்கிட்டயும் சொல்லாத."

மெமோ

மறு வாரம் பெரிய டாக்டரம்மா தொடை நரம்பு வழியாகக் கம்பி விட்டு, இதயத்துக்குள் கடுகளவு இடத்தைச் சுட்டுச் சரிசெய்தார். அதே நாளில் எனக்கு மெமோ வந்தது. குற்றம் இரண்டு. மெஷினை மஞ்சள் கோட்டுக்கு வெளியே கொண்டுபோனது. உரிமை இல்லாமல் பொத்தானை அழுத்தியது. சாட்சி யாதகிரி. மேனேஜர் கணக்கை முடித்துக்கொள் என்றார். டாக்டரம்மா அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்தபோது என் வேலை இருந்தது. மெமோவும் இருந்தது.

வீட்டுக்குப் போகிற அன்று எஸ்தர் கேஷுவாலிட்டிக்கு வந்தாள். தானே நடந்து வந்தாள். "அண்ணாச்சி, நீங்க எடுத்த அந்தத் தாள் எனக்கு வேணும். வெயில்ல மயங்கிட்டேன்னு எங்க மாமியா இன்னமும் சொல்லுதாவ. அவங்களுக்குக் காட்டணும்" என்றாள். அந்தத் தாள் என்னிடம் இல்லை. என் குற்றத்துக்கு ஆதாரமாக மெமோவோடு சேர்த்து ஆபீஸ் பைலில் பின் அடித்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். மெமோ என்றதும் அவளுக்கு முகம் மாறியது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அப்போ ரெண்டையும் சேத்தே ஜெராக்ஸ் எடுத்துத் தாங்க அண்ணாச்சி. எனக்கு வந்தது நெசம்னு ஒண்ணுல இருக்கும், நீங்க ஓடி வந்தது நெசம்னு இன்னொண்ணுல இருக்கும்."

ஒருத்தி உயிரோடு இருப்பதற்கான அத்தாட்சியும் ஒருத்தன் செய்த குற்றத்துக்கான அத்தாட்சியும் ஒரே குண்டூசியில் தொங்குகிற தொழில், சகோதரர்களே, நம்முடையது.